கட்டிக்குச் சரியான பெயர் வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர் அவர்களுக்கும், மருத்துவக் கல்வி, காப்பீட்டுத் திட்டம் ஆகியவற்றின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் 21 வருடமாக பெத்தாலஜி மருத்துவராக இருக்கிறேன். நோயாளிகளுக்கு என் முகம் தெரியாது. அவர்கள் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதை ஒரு டப்பாவில் என் மேசைக்கு வரும். நான் பார்த்து ஒரு பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அந்தப் பெயரை வைத்துத்தான் அடுத்து அறுவையா, கதிர்வீச்சா, மருந்தா, எதுவும் செய்யாமல் கண்காணிப்பதா என்று முடிவாகும். உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய் வரும்போது மட்டும் அந்தப் பெயரை எழுத என் கை தயங்குகிறது. கண்ணுக்குத் தெரிவதை வைத்து எழுதக்கூடிய பெயர்கள் இரண்டு மூன்று இருக்கும். எது சரி என்று பல நேரம் ஒரு மரபணுச் சோதனை சொல்லிவிடும். அந்தச் சோதனை என் நோயாளிகளில் பெரும்பாலானவர்களுக்கு எட்டுவதில்லை. எட்ட வைக்க உங்களால் முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

விசைத்தறி ஓடுகிற சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பெண். வயது 29. வலது காதுக்குக் கீழே ஒரு வீக்கம். பொன்னுக்கு வீங்கி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். நம் ஊர் வழக்கப்படி பக்கத்து வீட்டில் ஒரு தங்கச் சங்கிலி இரவல் வாங்கிக் கழுத்தில் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டிருக்கிறார்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் பத்து நாளில் வடிந்திருக்கும். இது வடியவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்காததாலேயே இரண்டு வருடம் ஓடிப்போனது. நெல்லிக்காய் அளவு ஆன பிறகு ஒரு மருத்துவமனையில் அறுவை செய்து எடுத்தார்கள். முக நரம்பைப் பத்திரமாகக் காப்பாற்றிய நல்ல அறுவை. கண் மூடுகிறது, சிரித்தால் வாய் கோணவில்லை. ரிப்போர்ட்டில் 'அசினிக் செல் கார்சினோமா' என்று வந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றில் அது ஒரு வகை. எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த சாயங்களோடு பார்த்திருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

மூன்று வருடம் கழித்துக் கழுத்தில் நெறி கட்டியது. ஸ்கேனில் நுரையீரலிலும் புள்ளிகள். அப்போதுதான் பழைய பிளாக் என்னிடம் வந்தது. பிளாக் என்றால் சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்த சிறு வில்லை, தீப்பெட்டியை விடச் சின்னது. அதிலிருந்து 4 மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போட்டுப் பார்த்தேன். அசினிக் வகையில் செல்லுக்குள் நீலத் துகள்கள் நிறைந்திருக்கும். இதில் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றுகூட இல்லை. சின்னச் சின்னப் பைகளுக்குள் இளஞ்சிவப்பாக, சோப்பு நுரை காய்ந்த மாதிரி ஒரு சுரப்பு தேங்கியிருந்தது. எஸ்100, மேமகுளோபின் என்று இரண்டு சாயங்களைக் கூடுதலாகப் போட்டேன். இரண்டும் பளிச்சென்று பிடித்தன. எனக்குச் சந்தேகம் உறுதியானது. ஆனால் நுரையீரலுக்குப் போய்விட்ட நோய்க்குச் சந்தேகத்தை வைத்து மருந்து எழுதச் சொல்ல முடியாது. வேறு மாநிலத்தில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு பிளாக்கை அனுப்பச் சொன்னேன். பணம் எவ்வளவு ஆகும் என்று அவர் கணவர் கேட்டார். சொன்னேன். மறுநாள் பணத்தோடு வந்தார். தாலிக்கொடியை அடகு வைத்த பணம் என்று அந்தப் பெண்ணின் அம்மா பிறகு சொல்லித் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. ஃபிஷ் என்று நாங்கள் சொல்கிற சோதனை அது. ஈடிவி6 என்கிற மரபணுவின் ஒரு பக்கம் சிவப்புப் பொட்டும் மறுபக்கம் பச்சைப் பொட்டும் ஒட்டும்படி செய்வார்கள். மரபணு முழுசாக இருந்தால் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். அறுந்திருந்தால் சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று விலகிக் கிடக்கும். அவர்கள் அனுப்பிய படத்தில் இருட்டுப் பின்னணியில் செல்லுக்குச் செல் சிவப்பும் பச்சையும் தனித்தனியாகக் கிடந்தன. அந்தப் பெண்ணுக்கு இருந்தது அசினிக் செல் கார்சினோமா இல்லை, சுரப்புப் புற்று. செக்ரிட்டரி கார்சினோமா என்று ரிப்போர்ட்டில் எழுதுவோம்.

இந்தப் பெயரே புதியது. 2010இல் செக் நாட்டின் பில்சன் நகரத்து பெத்தாலஜி மருத்துவர் அலெனா ஸ்காலோவாவும் அவரோடு இருந்தவர்களும் 16 நோயாளிகளின் கட்டிகளை எடுத்துவைத்து, இவை அசினிக் வகை அல்ல, மார்பகத்தில் அபூர்வமாக வரும் ஒரு புற்றின் சாயலில் இருக்கின்றன, அதே மரபணு மாற்றம் இவற்றிலும் இருக்கிறது என்று எழுதினார்கள். 12ஆவது குரோமோசோமும் 15ஆவது குரோமோசோமும் அறுந்து இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஒரு சேலையின் முந்தானையைக் கிழித்து இன்னொரு சேலையோடு தைத்த மாதிரி. தையல் விழுந்த இடத்தில் ஈடிவி6 மரபணுவும் என்டிஆர்கே3 மரபணுவும் ஒன்றாகிவிடுகின்றன. என்டிஆர்கே3 என்பது செல்லை வளரத் தூண்டும் விசை. தேவைப்படாதபோது அணைந்திருக்க வேண்டும். இப்படி ஒட்டிக்கொண்ட பிறகு அது அணைவதே இல்லை. 2010க்கு முன்பு உலகம் முழுக்க இந்த நோயாளிகளில் பலருக்கு அசினிக் செல் கார்சினோமா என்றுதான் ரிப்போர்ட் போயிருக்கிறது. நானும் அப்படி எழுதியிருப்பேன். எத்தனை என்று எண்ணிப் பார்க்க மனசு வரவில்லை.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் அறுவையின்போது பெயர் எதுவாக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்குச் செய்திருக்க வேண்டியது அதே அறுவைதான். இதை நான் மறைக்கவில்லை. நோய் திரும்பி வந்த பிறகுதான் பெயர் உயிர் விஷயம் ஆனது. அந்த அணையாத விசையை அணைக்கவென்றே லாரோட்ரெக்டினிப் என்று ஒரு மருந்து இருக்கிறது. 2018 பிப்ரவரியில் அதன் முடிவுகள் வெளியாயின. 4 மாதக் குழந்தையிலிருந்து 76 வயதுக்காரர் வரை, 17 வகைப் புற்றுநோய்கள் கொண்ட 55 பேர். நான்கில் மூன்று பேருக்குக் கட்டி சுருங்கியது. அந்த 55 பேரில் 12 பேர் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று உள்ளவர்கள். இவ்வளவு அரிதான நோய்க்கு அது பெரிய எண்ணிக்கை. அதே வருடம் நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும் சரி, அந்த மரபணு இணைப்பு இருந்தால் கொடுக்கலாம் என்று வந்த அனுமதி. அசினிக் செல் கார்சினோமா என்ற பெயரோடு இருந்திருந்தால் அந்த மருந்தின் பக்கமே யாரும் போயிருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு மருந்து கிடைக்க நாலு மாதம் அலைந்தார்கள், கடைசியில் ஓர் உதவித் திட்டத்தில் கிடைத்தது. இப்போது தறிச் சத்தத்துக்கு நடுவே போனில் பேசுகிறார். நுரையீரல் புள்ளிகள் முக்கால்வாசி மறைந்துவிட்டன.

இது ஒரே ஒரு வகை. உமிழ்நீர்ச் சுரப்பி என்றால் காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று இணை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அண்ணம், உதடு, கன்னத்தின் உள்பக்கம், தொண்டை என்று நூற்றுக்கணக்கான குட்டிச் சுரப்பிகள் பரவிக் கிடக்கின்றன. மூச்சுக்குழாய், கண்ணீர்ச் சுரப்பி, மார்பகம் ஆகியவற்றிலும் இதே சாயலில் புற்று வரும். உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் உமிழ்நீர்ச் சுரப்பியின் தீய கட்டிகள் மட்டும் 20 வகைக்கு மேல். உடம்பில் இத்தனை சின்ன உறுப்பில் இத்தனை வகைப் புற்று வேறெங்கும் எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொன்றும் அரிது, ஒன்று இன்னொன்றின் வேஷம் போடும். ஒரு மாவட்ட பெத்தாலஜி மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதும் சில வகைகளை ஒரு தடவைகூடப் பார்க்காமலே ஓய்வு பெற்றுவிடலாம்.

இதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. புகையிலையும் வெற்றிலைபாக்கும் மெல்லுகிற ஊர் நம்முடையது. அண்ணத்திலோ நாக்கின் அடிப்பகுதியிலோ புண் என்று ஒரு சின்னத் துணுக்கு பயாப்சி வந்தால், முதலில் மனசுக்குள் வருகிற பெயர் 'ஸ்குவாமஸ்', வாயின் உள்தோலில் வருகிற வழக்கமான புற்று. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் சாயம் ஏறாமல் காலியாகத் தெரிகிற செல்களோடு கண்ணாடி போன்ற நார்த்திசுவுக்கு நடுவே வளரும் ஒரு சுரப்பிப் புற்று, அதே இடத்தில் அதே சாயங்களைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஸ்குவாமஸ் மாதிரி உட்கார்ந்திருக்கும். அது மெதுவாக வளர்கிறது. பெரும்பாலும் அறுவையிலேயே தீர்கிறது. அதில் ஈடபிள்யூஎஸ்ஆர்1 என்ற மரபணு அறுந்திருப்பதை 2011இல் கண்டுபிடித்தார்கள். சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சோதிக்காவிட்டால் கதிர்வீச்சும் கீமோவும் வாங்கி, வாயெல்லாம் வெந்து, சோறு இறங்காமல் வீட்டில் கிடப்பார் அந்த நோயாளி. அப்படிப்பட்ட பயாப்சி ஒன்று எனக்கு வந்தது. இரண்டாவது கருத்துக்காக வந்தது என்பதால்தான் தப்பித்தது.

இனி அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா, உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றில் இன்னொரு வகை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புற்று நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊரும். முகத்தில் இனம் தெரியாத வலி, மரத்துப்போதல் என்று பல்வலிக்காரர்களாகத் திரிந்துவிட்டுத்தான் பலர் வந்து சேருவார்கள். அறுவை முடிந்து ஐந்து வருடம் ஒன்றும் இல்லை என்றால் மற்றப் புற்றுகளில் நிம்மதியாக மூச்சு விடலாம். இதில் அப்படி விட முடியாது. பத்து, பதினைந்து வருடம் கழித்து நுரையீரலில் வந்து நிற்கும். 2009இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள், 6ஆவது, 9ஆவது குரோமோசோம்கள் அறுந்து ஒட்டி எம்ஒய்பி, என்எஃப்ஐபி என்ற இரண்டு மரபணுக்கள் இணைவதே இதன் அடையாளம் என்று காட்டினார்கள்.

ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர். இருமல் விடவில்லை என்று படம் எடுத்தால் இரண்டு பக்க நுரையீரலிலும் உருண்டை உருண்டையாகப் புள்ளிகள். முதலில் டிபி என்று பார்த்தார்கள், சளியில் கிருமி இல்லை. அப்புறம் நுரையீரல் புற்று என்று ஊசி வழியே துணுக்கு எடுத்தார்கள். நூல் மாதிரி மெல்லிசான துணுக்கு. அதில் செல்கள் சல்லடைக் கண்கள் போல வட்டம் வட்டமாக நின்றன. வேறு ஏதாவது அறுவை நடந்ததா என்று மருத்துவர் வழியாகக் கேட்டேன். "13 வருடத்துக்கு முன்னால் அண்ணத்தில் ஒரு கட்டி எடுத்தார்கள், சாதாரணக் கட்டி என்றார்கள்" என்று பதில் வந்தது. பழைய பிளாக்கைத் தேடி அவருடைய மகன் அந்த மருத்துவமனைக்கு மூன்று தடவை போனார். இடம் போதவில்லை, பழசையெல்லாம் கழித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த பிளாக் இருந்திருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடத்தில் சொல்லியிருப்பேன். இல்லாததால் மிச்சமிருந்த நூலளவு துணுக்கை எம்ஒய்பி சோதனைக்கு அனுப்பினோம். நல்லவேளை, போதுமானதாக இருந்தது. இணைப்பு இருந்தது. ஆக, வழக்கமான நுரையீரல் புற்று இல்லை. அந்தப் புற்றுக்கான கீமோவை அவருக்கு ஏற்றவில்லை. இந்தப் புற்று நுரையீரலுக்கு வந்த பிறகும் சிலருக்கு வருடக்கணக்கில் நகராமல் இருக்கும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்று முடிவு செய்தார்கள். அவர் இப்போது பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். நூலளவு துணுக்கில் ஒன்றும் மிஞ்சாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போதும் படபடப்பாகத்தான் இருக்கிறது.

மருந்து விலை எட்டாத உயரத்தில் இருக்கும்போது சோதனை செய்து என்ன பயன் என்று ஒரு கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள். எல்லா மருந்தும் அப்படியில்லை. உமிழ்நாளப் புற்று என்று ஒன்று இருக்கிறது. இந்தக் குடும்பத்திலேயே மூர்க்கமானது. அதன் செல்களில் பெரும்பாலும் ஆண் ஹார்மோன் ஏற்பி இருக்கும். புரோஸ்டேட் புற்றுக்குக் கொடுக்கிற மாத்திரையும் ஊசியும் அதற்கு வேலை செய்கின்றன. ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் ஹெர்2 மரபணு பெருகியிருக்கும். மார்பகப் புற்றுக்கு நாம் வருடக்கணக்காகப் பார்க்கிற அதே ஹெர்2தான். அதற்கான டிராஸ்டுசுமாப் ஊசியின் உயிரி ஒப்பு மருந்து 2014இலிருந்து இந்தியாவிலேயே தயாராகிறது. மார்பகப் பயாப்சி என்றால் கேட்காமலே ஹெர்2 பார்க்கிறோம். காதுக்குக் கீழே வந்த கட்டி என்றால் பார்க்கத் தோன்றுவதில்லை. இதற்குப் புதிய கருவிகூட வேண்டாம். பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போதும்.

சோதனை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. முக்கால்வாசிக் கட்டிகளுக்கு நல்ல நுண்ணோக்கியும் பழகிய கண்ணும் நாலைந்து சாயங்களும் போதும். ஈடபிள்யூஎஸ்ஆர்1 அறுந்திருப்பது எலும்புக் கட்டியிலும் உண்டு, ஈடிவி6–என்டிஆர்கே3 இணைப்பு பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் ஒரு சதைப் புற்றிலும் உண்டு. மரபணு முடிவை மட்டும் தனியாக வைத்துப் பெயர் எழுதினால் அதுவும் தவறாகத்தான் போகும். மாற்றம் தெரியவில்லை என்று வந்தாலும் அந்த நோய் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. மியூகோஎபிடெர்மாய்டு வகைதான் இந்தக் குடும்பத்தில் அதிகம் வருவது. அதில் பாதிக்கு மேற்பட்டவற்றில் மேம்எல்2 மரபணு இணைப்பு இருக்கும், மீதியில் இருக்காது. எனவே கண்ணும் சோதனையும் சேர்ந்துதான் போக வேண்டும். கண் தடுமாறுகிற இடத்தில் சோதனை கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இன்னொன்று. மரபணுச் சோதனை என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் ஒரு பயம் வருகிறது. தறிக்காரப் பெண்ணின் அம்மா பரிசோதனைக் கூட வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்: "டாக்டரம்மா, இது சின்னவளுக்கும் வந்துருமா? அவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்." அந்த ஒரு கேள்விக்காகவே சோதனை வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களும் உண்டு. இந்த மாற்றங்கள் கட்டிக்குள் மட்டுமே பிறந்தவை. தாய் தகப்பனிடமிருந்து வந்தவையும் அல்ல, பிள்ளைகளுக்குப் போகிறவையும் அல்ல. நாம் சோதிப்பது கட்டியின் மரபணுவை, குடும்பத்தின் மரபணுவை அல்ல. இதைத் தமிழில் இரண்டே வரியில் ஒப்புதல் படிவத்தின் முதல் பத்தியிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் பாதிப் பேருக்கு அந்த இரவு தூக்கம் வரும்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

ஃபிஷ் சோதனைக்கான மரபணுப் பொட்டுகள் குட்டிக் குப்பிகளில் வரும். விலை அதிகம், காலாவதித் தேதியும் உண்டு. வருடத்துக்கு இரண்டு நோயாளி வருகிற மாவட்டக் கல்லூரி அதை வாங்கி வைத்தால் முக்கால் குப்பி குப்பைக்குத்தான் போகும். அதனால்தான் யாரும் வாங்குவதில்லை. ஆர்என்ஏ வரிசை படிக்கிற பெரிய சோதனையும் அப்படித்தான். ஒரே ஓட்டத்தில் நிறைய மாதிரிகள் சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் செலவு இறங்கும். ஒரு மாவட்டத்தில் தனியாகப் பார்த்தால் இது வீண் செலவு, மாநிலம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் சிக்கனம். சென்னையில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று இரண்டு அரசுக் கூடங்களில் இந்தச் சோதனைகள் நடக்கட்டும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி மாநிலம் முழுக்கக் கொடுத்து, நாட்டுக்கே வழிகாட்டியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன் மையங்களையும் குறைந்த கட்டணத்தில் அதுவே நடத்துகிறது. அதே கையால் இந்தக் குப்பிகளையும் வாங்க முடியும். நோயாளி பயணம் செய்ய வேண்டியதில்லை. பிளாக் மட்டும் போனால் போதும். அதற்கு ஐஸ் பெட்டி வேண்டாம், வெயிலில் நிற்கிற வண்டிக்குள் விட்டு மெழுகை இளக வைக்காமல் இருந்தால் போதும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அதில் கட்டியின் மரபணுச் சோதனை தனியே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சைக்கு முன்னால் வருகிற செலவு இது. எந்தச் சிகிச்சை என்று தெரிவதற்கே ஆகிற செலவு. தாலிக்கொடி அடகுக்குப் போவது இந்த இடத்தில்தான்.

எத்தனை பேருக்காக இவ்வளவும் என்ற கேள்வி நிச்சயம் வரும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். இந்தப் புற்று உலக அளவில் வருடத்துக்கு லட்சத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருகிறது. லட்சத்தில் அரை ஆள் என்றே வைத்துக்கொண்டாலும், 2011 கணக்கெடுப்பின்படி 7 கோடியே 20 லட்சம் பேர் உள்ள மாநிலத்தில் வருடத்துக்கு 360 பேர். அதில் மூன்றில் ஒருவருக்குச் சோதனை தேவைப்பட்டால் 120 பேர். ஒரு மாதத்துக்குப் பத்து. இதற்காகத் தனிக் கட்டடம் யாரும் கட்ட வேண்டியதில்லை. அதே கருவியில் சதைப் புற்றுகளையும் இரத்தப் புற்றுகளையும் சோதிக்கலாம், அவர்களுக்கும் இதே தேவை இருக்கிறது.

அடுத்து வருவதைச் செயலர் அவர்களோடு காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர்களும் படிக்க வேண்டும். மாநிலத்தில் எவ்வளவு நல்ல கூடம் திறந்தாலும், சதை கெட்டுப்போய் வந்தால் சோதனை தோற்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறுவை முடிந்து, வாய் குறுகிய மருந்துப் பாட்டிலில் பெரிய கட்டியைத் திணித்து, சதை கெடாமல் காக்கிற ஃபார்மலினை அது மூழ்கக்கூட இல்லாமல் கொஞ்சமாக ஊற்றித் திங்கட்கிழமை எனக்கு வந்திருக்கிறது. வெட்டினால் நடுப்பகுதி அழுகியிருக்கும். சலைன் தண்ணீரில் போட்டு அனுப்பியதும் உண்டு. கட்டியைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு 10 சதவீத பஃபர் கலந்த ஃபார்மலின் வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் மூன்று நாளைத் தாண்டாமலும் ஊற வேண்டும். பஃபர் கலக்காத ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகி மரபணுவை நறுக்கிப்போடும். அண்ணத்துக் கட்டியோடு எலும்பும் வரும். அதை மென்மையாக்க அமிலத்தில் போட்டால் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. எலும்பில்லாத ஒரு துண்டை முதலிலேயே தனியாக எடுத்து வைத்தால் போதும், அல்லது ஈடிடிஏ கரைசலில் பொறுமையாக ஊறவிடலாம். பஃபர் ஃபார்மலின் பெரிய செலவு இல்லை. எல்லா அரசு அறுவை அரங்கிலும் அகன்ற வாய் டப்பாவில் அது தயாராக இருக்க வேண்டும் என்று துறை ஓர் ஆணை போட்டால், புதிய கூடம் வருகிற வரைக்கும்கூடப் பலன் இருக்கும்.

பிளாக்குகளைப் பற்றியும் ஓர் ஆணை வேண்டும். சுரப்பிப் புற்றின் பிளாக்கைக் குறைந்தது 20 வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். இடம் இல்லை என்பது உண்மைதான், எங்கள் கூடத்திலும் இல்லை. ஆனால் 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்த மாநிலம் இது. மெழுகு வில்லைகளுக்குச் சில இரும்பு அலமாரிகள் வாங்க முடியாதா?

என் அலமாரியின் இரண்டாவது தட்டில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. மேலே 'பெயர் உறுதியாகவில்லை' என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். உள்ளே 14 பிளாக்குகள். அனுப்பப் பணம் இல்லாதவர்கள், பிறகு வருகிறோம் என்று சொல்லிப் போனவர்கள், வராமலே போனவர்கள். ஒவ்வொன்றிலும் எண், தேதி, எனக்கு எந்த மரபணுவில் சந்தேகம் என்ற குறிப்பு எல்லாம் இருக்கின்றன. ஃபோன் எண் உள்ளவர்களை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நானே கூப்பிட்டு விசாரிக்கிறேன். 9 பேர் எடுக்கிறார்கள். கூடம் திறக்கிற தேதியைத் துறை அறிவித்தால், மறுநாள் காலையில் அந்த 9 பேருக்கும் சொல்லிவிட்டு இந்தப் பெட்டியை நானே கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தென்மாவட்டத்து பெத்தாலஜி மருத்துவர் ஒருவர்